ஓர் உதையும் 900 பக்கங்களும்

பெருந்தொடர் ஒன்றின் ஆட்டம் பெனால்டி உதைகளால் முடிவாகும் போதெல்லாம் ஒரு பழைய ஒளிப்படம் மீண்டும் உலவத் தொடங்குகிறது. நீலச் சட்டை, முதுகில் 10 என்னும் எண், பிடரியில் சிறு குடுமி. இடுப்பில் கைகளை ஊன்றித் தலைகவிழ்ந்து நிற்கும் ஒருவர். படம் மாறுவதில்லை, அதன் கீழ் எழுதப்படும் வாசகமே மாறுகிறது. தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்துவோர் ‘மேதைகளும் தவறுவர்’ என்னும் பாடத்துக்கு அதைப் பயன்படுத்துகின்றனர். கால்பந்து அன்பர்கள் இவ்விளையாட்டின் மாபெரும் அவலக் காட்சி என்கின்றனர். இரக்கமற்றோர் ‘உலகக் கோப்பையைத் தொலைத்தவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். 1994 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள ரோஸ் பௌல் அரங்கில் ராபர்ட்டோ பாஜ்ஜோ உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயத்துக்குரியது, அந்த ஓர் உதையின் மீது இத்தனை ஆண்டுகளாக ஏற்றப்பட்டுவரும் சுமை.

மூன்று வாசகங்களும் வெவ்வேறு குரலில் பேசினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. இத்தாலி தோற்றது ஒரு தனிமனிதரின் காலால் என்பதே அந்த அடிப்படை. பழிப்போர் அதைக் குற்றம் என்கின்றனர். வருந்துவோர் அதை விதி என்கின்றனர். குற்றமாயினும் விதியாயினும் கணக்கு ஒருவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. இத்தாலியக் கால்பந்தை நடத்திய அமைப்போ எந்த வினாவுக்கும் விடையிறுக்காமல் விலகிக்கொள்கிறது. இந்தக் கணக்கு பிழையானது. பிழையென்று காட்டுவதற்குப் பாஜ்ஜோவின் மேதைமையைப் புகழ்ந்து உருக வேண்டியதில்லை. பதிவான செய்திகளை வரிசைப்படுத்தினாலே போதும்.

முதலில் எளிய எண்கணிதம். அன்றைய இறுதியாட்டம் 120 நிமிடங்களிலும் கோலின்றி முடிந்தது. பெனால்டி உதைகளில் இத்தாலியே தொடங்கியது. அணித்தலைவர் பிராங்கோ பரேசி முதல் பந்தை வெளியே அடித்தார். பிரேசிலின் மார்சியோ சாண்டோஸ் உதைத்ததை இத்தாலியக் கோல்காப்பாளர் பாலியூக்கா தடுத்தார். பின்னர் அல்பெர்ட்டினியும் எவானியும் இத்தாலிக்காகவும் ரொமாரியோவும் பிராங்கோவும் பிரேசிலுக்காகவும் கோல் அடித்தனர். நான்காவதாக வந்த மஸ்ஸாரோவின் உதையைத் தஃபரேல் தடுத்தார். துங்கா தம் உதையைக் கோலாக்கினார். ஐந்தாவது வீரராகப் பாஜ்ஜோ பந்தின் முன் நின்றபோது பிரேசில் 3, இத்தாலி 2. மேலும் பிரேசிலுக்கு ஓர் உதை மீதமிருந்தது. பாஜ்ஜோ கோல் அடித்திருந்தால் இத்தாலி வென்றிருக்கும் என்பது உண்மையன்று. 3-3 என்று சமமாகியிருக்கும். பிரேசில் தன் ஐந்தாவது உதையைக் கோலாக்கியிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும். அவர் தவறவிட்டது தோல்வியை ஒத்திப்போடும் ஒரு வாய்ப்பை மட்டுமே. பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வரிசையெண் ஒன்றே. கடைசியாக நிற்பவரே முழுக் கடனுக்கும் பொறுப்பாளி என்னும் விநோதச் சட்டம் வேறெந்தத் துறையிலும் செல்லாது.

இரண்டாவது, இத்தாலி அந்த இறுதியாட்டத்துக்கு எவ்வாறு வந்துசேர்ந்தது என்பது. முதல் சுற்றில் அயர்லாந்திடம் தோல்வி, நார்வேயிடம் வெற்றி, மெக்சிகோவுடன் சமன். பிரிவின் நான்கு அணிகளும் 4 புள்ளிகளோடு நிற்க, மூன்றாமிடம் பெற்ற அணிகளுக்கான சலுகையால் இத்தாலி அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. நைஜீரியாவுக்கு எதிராக 88ஆம் நிமிடம் வரை ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஸோலா வெளியேற்றப்பட்டு 10 பேரே களத்தில் இருந்தனர். சமன் செய்த கோல் பாஜ்ஜோவுடையது. கூடுதல் நேரத்தில் வெற்றி தந்த பெனால்டியும் அவருடையதே. ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் இறுதிக் கணங்களில் விழுந்த வெற்றிக் கோல் அவருடையது. பல்கேரியாவுக்கு எதிரான அரையிறுதியில் இத்தாலியின் இரண்டு கோல்களும் அவருடையவை. முதல் சுற்றுக்குப் பின் இத்தாலி அடித்த 6 கோல்களில் 5 அவர் காலிலிருந்து வந்தன; எஞ்சிய ஒன்று, பெயரொப்புமையன்றி அவருக்கு உறவேதுமற்ற டினோ பாஜ்ஜோவினுடையது. அரையிறுதியிலேயே தொடையின் பின்தசையில் காயமுற்றுப் பாதியில் வெளியேறியவர், நான்கு நாள்கள் கழித்து நண்பகல் வெயிலில் 120 நிமிடங்கள் ஆடிய பின்பே அந்த உதைக்கு வந்தார். ஓர் அணியை அதன் தகுதிக்கு மேலான இடம் வரை சுமந்து வந்தவரை, இறுதிப் படியில் தடுக்கியதற்காக மட்டும் நினைவுகூர்வது நன்றியின்மை என்று கூறி நிறுத்திவிடலாம். நன்றியின்மையை விடப் பெரிய பழுது ஒன்று இதில் இருக்கிறது. அதைக் காண 1994க்கு முன்னும் பின்னும் செல்ல வேண்டும்.

1990இல் தன் மண்ணில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலி அர்ஜென்டினாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. 1994இல் பிரேசிலிடம். 1998இல் காலிறுதியில் பிரான்சிடம். தொடர்ந்து மூன்று உலகக் கோப்பைகளில் ஒரே வகைத் தோல்வி. மூன்றிலும் பெனால்டி உதைத்தவர்களில் பாஜ்ஜோ உண்டு. 1990இலும் 1998இலும் அவர் கோல் அடித்தார். 1990இல் தவறவிட்டவர்கள் டொனடோனியும் செரெனாவும். 1998இல் தவறவிட்டவர்கள் அல்பெர்ட்டினியும் டி பியாஜ்ஜோவும். இந்த நால்வரின் ஒளிப்படங்கள் பயிலரங்குகளில் காட்டப்படுவதில்லை, காட்டப்படவும் வேண்டியதில்லை. ஆனால் மூன்று தேர்வுகளில் இரண்டில் தேறியவரே ‘பெனால்டியைத் தவறவிட்டவர்’ என்னும் பட்டத்தைச் சுமக்கிறார்.

இதனினும் முதன்மையான கணக்கு வேறொன்று. அந்த மூன்று ஆட்டங்களும் தலா 120 நிமிடங்கள் நீண்டவை. மொத்தம் 360 நிமிடங்கள். அத்தனை நேரத்தில் இத்தாலி அடித்த கோல் ஒன்றே ஒன்று. 1990இல் ஸ்கில்லாச்சி அடித்தது. பரேசி, மால்தீனி போன்ற தற்காப்பு வீரர்களையும் உலகின் செல்வம் மிக்க உள்நாட்டுத் தொடரையும் வைத்திருந்த நாடு, மூன்று தீர்மானமான ஆட்டங்களில் ஒரே முறை மட்டுமே வலையைத் தொட்டது. அவற்றில் இரண்டில் பாஜ்ஜோ ஆட்டத் தொடக்கத்தில் களத்திலேயே இல்லை. 1990இல் ஜன்னீனிக்கு மாற்றாகவும் 1998இல் டெல் பியெரோவுக்கு மாற்றாகவும் இரண்டாம் பாதியில்தான் இறக்கப்பட்டார். பெனால்டியில் யார் தவறினார் என்று கேட்பவர்கள், ஆட்டம் ஏன் பெனால்டி வரை போயிற்று என்று கேட்பதில்லை. முதல் வினாவுக்கு ஒரு பெயர் விடையாகக் கிடைக்கிறது. இரண்டாம் வினாவுக்கு விடை தேடினால் பயிற்சிமுறை, தேர்வுக் கொள்கை, ஆட்டத் தத்துவம், சம்மேளனம் என்று பலரின் மேசைகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டத் தத்துவம் பற்றிய விவாதத்தில் ஆய்வுப்புலத்தார்க்கு ஆர்வம் தரும் செய்தி ஒன்று உண்டு. 1994இல் இத்தாலியின் பயிற்சியாளர் அர்ரீகோ சாக்கி. ஏசி மிலான் அணியைக் கொண்டு 1989, 1990 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். பதினொருவரும் ஒரே உடலாக நகரும் நெருக்குதல் ஆட்டத்தை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தவர். அவருடைய பங்களிப்பைக் குறைத்துப் பேசுவது அறிவீனம். ஆனால் அவருடைய கோட்பாட்டில் தனித்திறனாளர் எப்போதும் ஒரு நெருடல். நார்வேயுடனான ஆட்டத்தில் 21ஆம் நிமிடத்தில் பாலியூக்கா வெளியேற்றப்பட்டபோது, மாற்றுக் கோல்காப்பாளரை இறக்குவதற்காக சாக்கி களத்திலிருந்து அழைத்துக்கொண்டது, அதற்கு முந்தைய டிசம்பரில் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தைப் பெற்றிருந்த பாஜ்ஜோவை. 10 பேரோடு ஆடிய இத்தாலி 1-0 என்று வென்றது. ஆகவே அந்த முடிவு தவறென்று யாரும் நிறுவ முடியாது. ஆனால் அதற்குப் பின் நடந்ததைச் சாக்கியின் கோட்பாடு விளக்கவில்லை. நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளையும் வீழ்த்தியது, அக்கோட்பாடு விளிம்பில் வைத்திருந்த தனிமனிதரின் திறன்.

தன் கருதுகோளுக்கு அடங்காத தரவு ஒன்று மீண்டும் மீண்டும் வெளிப்படும்போது ஆய்வாளர் கருதுகோளைத் திருத்துவார். இத்தாலியக் கால்பந்து தரவை அப்புறப்படுத்தியது. 1996 ஐரோப்பியக் கோப்பைக்கு சாக்கி பாஜ்ஜோவைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஆண்டில்தான் பாஜ்ஜோ மிலான் அணியோடு இத்தாலியச் சாம்பியன் பட்டம் வென்றிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அதே பட்டத்தை யுவெண்டசோடு வென்றிருந்தார். இத்தாலி முதல் சுற்றோடு திரும்பியது. 1997இல் பார்மா அணியின் பயிற்சியாளராயிருந்த கார்லோ அன்செலாட்டி, தம் 4-4-2 அமைப்பில் பாஜ்ஜோவுக்கு இடமில்லை என்று அவரை ஏற்க மறுத்தார். பின்னாளில் அதைத் தம் பிழையென வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அன்செலாட்டிக்கு உண்டு. மறுக்கப்பட்ட பாஜ்ஜோ போலோன்யாவுக்குச் சென்று அந்தப் பருவத்தில் 22 கோல்கள் அடித்தார். இண்டர் அணியில் மார்செல்லோ லிப்பியின் கீழ் பெரும்பாலும் ஓரமாக அமர்த்தப்பட்டவர், 2000ஆம் ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இடத்துக்கான தனி ஆட்டத்தில் பார்மாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து, லிப்பியின் அணிக்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்துவிட்டு வெளியேறினார்.

அவர் சென்றடைந்த இடம் பிரெஷியா. பட்டங்களைக் கனவிலும் காணாத சிறு அணி. அங்கே கார்லோ மஸ்ஸோனே என்னும் முதிய பயிற்சியாளர், கோட்பாட்டுக்கேற்ப வீரரை வெட்டாமல் வீரருக்கேற்ப அணியை அமைத்தார். பாஜ்ஜோ அங்கு ஆடிய நான்கு பருவங்களிலும் பிரெஷியா முதல்தரத் தொடரில் நிலைத்தது. அவர் ஓய்வுபெற்ற அடுத்த பருவத்தில் இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. இந்த ஒரே செய்தி போதும், ‘அமைப்பில் இடமில்லை’ என்னும் சொற்றொடரின் உண்மைப் பொருளை விளக்க. இடம் இல்லாமலில்லை, இடம் அமைக்க மனமில்லாமலிருந்தது.

இந்த ஆட்டங்கள் அனைத்தும் எத்தகைய உடலால் ஆடப்பட்டன என்பதையும் கருத வேண்டும். 1985 மே மாதத்தில், பியோரென்டினா அணிக்கு ஒப்பந்தமான நேரத்தில், 18 வயதுப் பாஜ்ஜோவின் வலது முழங்கால் சிதைந்தது. காலுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட தையல்கள் இடப்பட்டதாக அவரே கூறியுள்ளார். ஒப்பந்தத்தைக் கைவிடாத பியோரென்டினாவுக்காக 1987இல் நேப்பிள்ஸில் அவர் தம் முதல் முதல்தரக் கோலை அடித்தார். 1990இல் அந்த அணி அவரை அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு யுவெண்டசுக்கு விற்றபோது பிளாரன்ஸ் நகரத் தெருக்களில் கலவரம் வெடித்தது. 2002 தொடக்கத்தில், 35 வயதை நெருங்கும்போது, இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. மூன்று மாதங்கள் நிறையுமுன் களத்துக்குத் திரும்பினார். எனினும் ஜொவான்னி திரப்பட்டோனி 23 பேர் கொண்ட உலகக் கோப்பைப் பட்டியலில் அவருக்கு இடமளிக்கவில்லை. அவ்வாண்டு இத்தாலி தென்கொரியாவிடம் தோற்று வெளியேறியது. 2004 மே 16 அன்று சான் சீரோ அரங்கில் மிலானுக்கு எதிரான ஆட்டத்தோடு பாஜ்ஜோ ஓய்வுபெற்றார். இத்தாலியின் முதல்தரத் தொடரில் 205 கோல்கள். நாட்டுக்காக 56 ஆட்டங்களில் 27 கோல்கள். உலகக் கோப்பைகளில் 9 கோல்கள். மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்த ஒரே இத்தாலியர் அவர்.

இங்கே ‘அவல நாயகன்’ என்னும் புகழ்மாலையோடு பலர் கட்டுரையை முடித்துவிடுவர். அந்த மாலையே இங்கு எதிர்க்கப்படுகிறது. பாஜ்ஜோவை அவல நாயகனாக்குவோர் அவருக்கு நேர்ந்தவற்றை எல்லாம் ஊழின் செயலாக மாற்றிவிடுகின்றனர். முழங்கால் முறிந்தது ஊழாக இருக்கலாம். 1996இலும் 2002இலும் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது ஊழன்று. பெயருள்ள மனிதர்கள், மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு. முடிவுகளை ஊழாக மாற்றும் அழகியல், முடிவெடுத்தவர்களுக்குத் தரப்படும் மன்னிப்புச் சீட்டு. பழிப்பவரின் வசையை விட வருந்துபவரின் உருக்கம் அமைப்புகளுக்கு அதிகம் பயன்படுகிறது.

இந்த வாதத்தின் அச்சு, ஓய்வுக்குப் பிந்தைய ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. கால்பந்து அன்பர்களுள்ளும் பலர் அதை அறியார்; அறிந்தோரும் அடிக்குறிப்பாகவே கருதுவர். 2006இல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலி, 2010இல் பராகுவே, ஸ்லோவாக்கியா, நியூசிலாந்து ஆகியவை அடங்கிய பிரிவில் ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் கடைசி இடத்தில் முடிந்தது. அதிர்ச்சியுற்ற சம்மேளனம் அவ்வாண்டு ஆகஸ்டில் மூன்று பெரிய பெயர்களை அழைத்தது. பள்ளி, இளையோர் பிரிவுக்கு ஜன்னி ரிவேரா. இளையோர் தேசிய அணிகளின் ஒருங்கிணைப்புக்கு அதே அர்ரீகோ சாக்கி. பயிற்சியாளர்களை உருவாக்கும் தொழில்நுட்பப் பிரிவின் தலைமைக்கு ராபர்ட்டோ பாஜ்ஜோ.

பெரும்பெயர்களை அலங்காரத்துக்கு அமர்த்துவது சம்மேளனங்களின் வழக்கம். நாடாவை வெட்டுதல், கூட்டங்களில் கைகுலுக்குதல், செய்தியாளர்முன் புன்னகைத்தல் ஆகியவற்றோடு பணி முடியும். பாஜ்ஜோ அந்த எழுதப்படாத ஒப்பந்தத்தை மீறினார். வல்லுநர் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இத்தாலிய இளையோர் கால்பந்தின் அடித்தளத்தைச் சீரமைப்பதற்கான திட்டம் ஒன்றை வகுத்தார். சிறுவர்களுக்குப் பயிற்சி தருவோரை எவ்வாறு உருவாக்குவது, நாடெங்கும் திறமையை எவ்வாறு கண்டறிவது, வெற்றிக்கு முன் பந்தாளும் நுட்பத்தையும் நன்னடத்தையையும் எவ்வாறு கற்பிப்பது என்பன அதன் பொருள். 900 பக்கங்கள். 2011 இறுதியில் அது சம்மேளனத்தின்முன் வைக்கப்பட்டது.

அதன்பின் எதுவும் நடக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பாஜ்ஜோ 2013 ஜனவரியில் பதவி விலகினார். திட்டம் செயலுக்கு வராத வெற்றுத்தாளாகவே கிடக்கிறது என்பதும், நாற்காலியை நிரப்புவதற்காகத் தாம் வரவில்லை என்பதும் அவர் அப்போது தெரிவித்த காரணங்களின் சாரம். உரத்த சண்டையோ வழக்கோ நடைபெறவில்லை. தம்மை அழைத்தவர்களிடம் தாம் வகுத்ததைக் கொடுத்துவிட்டு, அது கிடப்பில் போடப்பட்டதைக் கண்டு, ஊர் திரும்பினார்.

அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை எல்லாரும் அறிந்தவை. 2014 உலகக் கோப்பையில் இத்தாலி கோஸ்டாரிகாவிடமும் உருகுவேயிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. சம்மேளனத் தலைவரும் பயிற்சியாளரும் பதவி விலகினர். 2017 நவம்பரில் சுவீடனுக்கு எதிரான தகுதி ஆட்டங்கள் இரண்டிலும் ஒரு கோல்கூட அடிக்க இயலாமல், 1958க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பைக்கே தகுதி பெறாமல் நின்றது. 2022 மார்ச்சில் பலெர்மோ நகரில் வடக்கு மாசிடோனியாவிடம் 1-0 என்று தோற்று, அடுத்த உலகக் கோப்பைக்கான வாய்ப்பையும் இழந்தது. நான்கு முறை பட்டம் வென்ற நாடு தொடர்ந்து இரண்டு உலகக் கோப்பைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது.

முதலாவது: 2021இல் இத்தாலி ஐரோப்பியக் கோப்பையை வென்றதே என்பர். வென்றது, அழகாகவும் வென்றது. ஆனால் அந்த வெற்றிக்கும் பலெர்மோ தோல்விக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. அந்த இடைவெளியில் நிகழ்ந்தது இக்கட்டுரையின் வாதத்துக்குப் புதிய சான்றாகிறது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் ஜோர்ஜீன்யோ பெனால்டிகளைத் தவறவிட்டார். இரண்டும் சமனில் முடிந்தன. நேரடித் தகுதி நழுவியது. உடனே மீண்டும் ஒரு கால், ஒரு பெயர், ஒரு ஒளிப்படம். அவர் தவறியது மெய். ஆயினும் பல்கேரியா, லிதுவேனியா, வடக்கு அயர்லாந்து ஆகியோரோடு ஒரே பிரிவில் இருந்த ஐரோப்பியச் சாம்பியன், தன் உலகக் கோப்பை வாய்ப்பை இரண்டு பெனால்டிகளின் தயவில் வைத்திருந்தது ஏன் என்னும் வினா, 1994இல் போலவே, கேட்கப்படாமல் போயிற்று.

இரண்டாவது: பாஜ்ஜோவின் 900 பக்கங்கள் செயற்படுத்தப்பட்டிருந்தால் இத்தாலி இந்த வீழ்ச்சிகளைத் தவிர்த்திருக்கும் என்பதற்கு என்ன சான்று? சான்று இல்லை, அவ்வாறு உரிமை கோரவும் இல்லை. 2011இல் எழுதப்பட்ட திட்டம் உடனே தொடங்கப்பட்டிருந்தாலும் அதன் விளைவை 2017க்குள் எதிர்பார்ப்பது பேராசை. ஒருவேளை அத்திட்டம் பிழைகள் மலிந்ததாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு திட்டம் பிழையானது என்று விவாதித்துத் தள்ளுவது வேறு. விவாதிக்காமலே கிடத்திவிடுவது வேறு. முன்னது அறிவு சார்ந்த செயல். பின்னது, அழைத்தவரையும் அவர் உழைப்பையும் ஒருசேர அவமதிக்கும் செயல். இத்தாலியச் சம்மேளனம் பின்னதைத் தேர்ந்தது.

மூன்றாவது: பெரும்புகழ் பெறுபவர் பெரும்பழியையும் ஏற்கத்தானே வேண்டும் என்பர். ஏற்றார். அந்த உதையைப் பற்றிய கேள்விகளுக்கு அவர் பல ஆண்டுகளாக விடை கூறிவருகிறார். பிறர்மீது ஒருபோதும் சுமத்தியதில்லை. பொறுப்பேற்பது வேறு, ஒற்றைக் காரணமாக்கப்படுவது வேறு. காயத்தோடு ஐந்தாவது உதைக்கு முன்வந்தது பொறுப்பேற்றல். அன்றைய தோல்வி முழுவதும் அந்த ஒருவர் கணக்கில் வைக்கப்பட்டது, பிறருடைய பொறுப்புத் துறப்பு.

பந்து வானில் பறந்த அந்த நொடியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டனர். ஆகவே அது எவர் நினைவிலிருந்தும் நீங்காது. 900 பக்கங்கள் ஓர் அலுவலகத்தில் கிடந்து மடிந்ததை யாரும் காணவில்லை. அதற்கு ஒளிப்படம் இல்லை. தனிமனிதரின் தவறு காட்சியாக நிகழ்கிறது. நிறுவனத்தின் தவறு செயலின்மையாக நிகழ்கிறது. செயலின்மையைப் படம்பிடிக்க இயலாது என்பதாலேயே அது தண்டனையின்றித் தொடர்கிறது. வரலாற்றை ஒளிப்படங்களால் கற்பவர் எப்போதும் கடைசியாகப் பந்தைத் தொட்டவரையே குற்றவாளியாகக் காண்பார்.

கல்விப்புலத்தில் இருப்போருக்கு இது அயலவர் கதையாகத் தோன்ற வேண்டியதில்லை. தேர்வில் தவறிய மாணவரின் பெயர் பலகையில் ஒட்டப்படுகிறது; பத்தாண்டுகளாகத் திருத்தப்படாத பாடத்திட்டத்துக்கு ஒட்டுவதற்குப் பலகை இல்லை. ஆய்வைப் பாதியில் விட்டவர் ‘தாக்குப்பிடிக்காதவர்’ என்று சொல்லப்படுகிறார்; அவருக்குக் கிடைக்காத உதவித்தொகையும் கையெழுத்தும் எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. நெருக்கடி வரும்போது மதிப்புமிக்க ஒருவர் தலைமையில் குழு அமைக்கப்படுகிறது. குழு உழைத்து அறிக்கை தருகிறது. அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. அடுத்த நெருக்கடிக்கு அடுத்த குழு. இந்த நடைமுறையை நாள்தோறும் காண்பவர்களே, அந்தப் பழைய ஒளிப்படத்தின் கீழ் ‘மேதைகளும் தவறுவர்’ என்று எழுதிப் பகிர்வதுதான் வியப்பு.

அப்படத்தைப் பகிர்வதில் பிழையில்லை. பகிர்பவர் அதன் கீழே முழுக் கணக்கையும் எழுதட்டும். அவ்வுதைக்கு முன்பே இருவர் தவறியிருந்தனர் என்று எழுதட்டும். மூன்று உலகக் கோப்பைகளின் 360 நிமிடங்களில் இத்தாலி அடித்தது ஒரே கோல் என்று எழுதட்டும். தலைகவிழ்ந்து நிற்கும் அந்த மனிதர், 17 ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டுக் கால்பந்தின் நோய்க்கு 900 பக்கங்களில் மருந்து எழுதிக் கொடுத்தார் என்றும், கேட்டு வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்றும் எழுதட்டும். அதன்பின் அப்படத்தைப் பார்ப்பவர், தவறவிட்டவர் யார் என்பதைத் தாமே முடிவுசெய்துகொள்வார்.